சுட்கியின் லட்டும் சிங்கியின் கூடையும்

2011ஆம் ஆண்டின் சாரல் காலம். தென்காசிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், அக்கா வீட்டுத் திண்ணையில் நாலைந்து பெண்கள் மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். உள்ளே அரசு கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சி. அதில் சோட்டா பீம் ஓடிக்கொண்டிருந்தான். அக்கா மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு ஐந்து. படம் முடிந்ததும் இருவரும் பக்கத்து வீட்டுப் பையன்களோடு முற்றத்தில் இறங்கி அதையே விளையாடத் தொடங்கினார்கள்.

“ஏட்டி, நீதான் சுட்கி. எங்களுக்கு லட்டு குடுக்கணும்.”

“நான் பீமா வாரேன்.”

“பொம்பளப் பிள்ள பீமா வர முடியாதுட்டி.”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்போது நான் வரலாற்றில் முதுகலை முடித்திருந்தேன். பெண்ணியப் புத்தகங்கள் இரண்டு மூன்று படித்திருந்தேன். அப்படியிருந்தும் என் வாயிலிருந்து வந்தது இதுதான்: “சுட்கி நல்ல பிள்ளைல்லா. போ, போய் லட்டு குடு.” அவள் முற்றத்து ஈர மணலை அள்ளி உருட்டினாள். பையன்கள் அதைத் தின்பதுபோலப் பாவனை செய்து, பலம் வந்து, எதிரிகளை அடிக்க ஓடினார்கள். அவள் அடுத்த லட்டை உருட்டினாள்.

அந்த லட்டை அவள் கையில் வைத்தது யார்? பல ஆண்டுகளாக என்னோடு இருக்கும் கேள்வி இது. ஐதராபாத்தில் இயங்கும் ஒரு கார்ட்டூன் நிறுவனம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் குற்றாலத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு அப்படிச் சொல்லிவிட்டுப் போக முடியவில்லை. குழந்தைகளுக்குப் படம் காட்டிக் கதை சொல்லும் வழக்கம் இந்த மண்ணில் தொலைக்காட்சியோடு தொடங்கியதல்ல.

சுவரில் இருந்த படங்கள்

சிவன் ஆடிய ஐந்து சபைகள் என்று சைவ மரபு சொல்கிறது. சிதம்பரத்தில் பொற்சபை, மதுரையில் வெள்ளிசபை, திருநெல்வேலியில் தாமிரசபை, திருவாலங்காட்டில் இரத்தினசபை, குற்றாலத்தில் சித்திரசபை. குற்றாலநாதர் கோயிலிலிருந்து சற்றுத் தள்ளி, குளத்தின் முன்னால் தனிக் கட்டடமாக நிற்கிறது சித்திரசபை. இங்கே நடராசருக்குச் சிலை கிடையாது, ஓவியமாகவே வணங்கப்படுகிறார். சுவரெங்கும் புராணக் காட்சிகள். அருவியில் குளித்து ஈரத் தலையோடு வரும் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு பெரியவர்கள் ஒவ்வொரு படமாகக் காட்டிக் கதை சொல்வார்கள். என் ஆச்சி எனக்குச் சொன்னாள். படம் அசையாது, ஆச்சியின் விரலும் குரலும் அதை அசைத்தன.

ஐந்து சபைகளின் கதையைக் கேட்டு வளரும் பிள்ளை, திருவாலங்காட்டுக் கதையையும் கேட்காமல் போவதில்லை. காளிக்கும் சிவனுக்கும் ஆட்டப் போட்டி. அவன் ஆடியதையெல்லாம் அவளும் ஆடினாள். கடைசியில் அவன் ஒரு காலைத் தலைக்குமேல் தூக்கினான். அவள் நாணித் தோற்றாள். இந்தக் கதையைக் கேட்ட நாளில் நான் ஆச்சியிடம், “அவளுக்குத் தூக்கத் தெரியாதா?” என்று கேட்டிருக்கிறேன். “தெரியும், தூக்கக் கூடாதுல்லா” என்றாள் ஆச்சி. திறமை இல்லாமல் தோற்பது ஒன்று. திறமை இருந்தும், அதைக் காட்டுவது அழகல்ல என்பதற்காகத் தோற்பது வேறொன்று. இரண்டாவதை நான் ஐந்தாறு வயதிலேயே கற்றுக்கொண்டேன். அதன் பிறகு வகுப்பில் விடை தெரிந்தும் கையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்த நாட்களுக்குக் கணக்கில்லை.

மதுரைக் கதையும் இதற்குத் தூரமில்லை. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் வரும் தடாதகை, மூன்று முலைகளோடு வேள்வித் தீயில் தோன்றியவள். படைக்கலம் பயின்று, முடிசூடி, திசையெல்லாம் வென்று கயிலைவரை போகிறாள். அங்கே சிவனைக் கண்டதும் ஒரு முலை மறைகிறது. வீரமும் போய் நாணம் வந்து சேர்கிறது. பிறகு கல்யாணம். மீனாட்சி அரசாண்டாள் என்பதைவிட மீனாட்சிக்குக் கல்யாணம் நடந்தது என்பதைத்தான் ஒவ்வொரு சித்திரையிலும் நாம் ஊர்கூடிக் கொண்டாடுகிறோம்.

ஏழு பருவம் ஒன்று, மூன்று பருவம் வேறு

தெய்வத்தையோ தலைவரையோ குழந்தையாக்கிப் பாடும் பிள்ளைத்தமிழ் என்ற வகை தமிழில் உண்டு. அதற்குப் பத்துப் பருவங்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்ற முதல் ஏழும் ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் பொது. தவழ்வது, கை கொட்டுவது, முத்தம் தருவது, நிலாவைக் கூப்பிடுவது எல்லாம் இருவருக்கும் ஒன்றுதான். எட்டாவது பருவத்தில் பாதை பிரிகிறது. ஆணுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்ணுக்கு அம்மானை, நீராடல், ஊசல்.

ஆண் குழந்தை பறை முழக்குகிறான், தேர் இழுக்கிறான். பெண் குழந்தை காய்களை எறிந்து பிடிக்கிறாள், நீராடுகிறாள், ஊஞ்சலில் ஆடுகிறாள். அவன் தெருவில் நகர்கிறான். அவள் இருந்த இடத்திலேயே அசைகிறாள். இதில் சிற்றிற் பருவம்தான் என்னை மிகவும் உறுத்துவது. சிறுமிகள் மணலில் சிறுவீடு கட்டி, மணற்சோறு சமைத்து விளையாடுகிறார்கள். ஆண் பிள்ளை வந்து அதைக் காலால் சிதைக்கிறான். சிதைக்க வேண்டாம் என்று சிறுமிகள் அவனிடம் கெஞ்சுவதாகப் பாட்டு. சிதைப்பது அவனுடைய பருவத்துக்கு அழகு. கெஞ்சுவது அவர்களுடைய குரலுக்கு அழகு. இலக்கிய நயம் என்று இதைத்தான் படித்தோம்.

பால் வேறுபாட்டைக் குழந்தைகள் எந்த வயதில் உள்வாங்குகிறார்கள் என்று இன்றைய உளவியலாளர்களும் தேடியிருக்கிறார்கள். 2017இல் ‘சயின்ஸ்’ இதழில் லின் பியான், சாரா ஜேன் லெஸ்லி, ஆன்ட்ரே சிம்பியன் மூவரும் வெளியிட்ட ஆய்வு அமெரிக்கக் குழந்தைகளிடம் நடத்தப்பட்டது. “மிக மிகப் புத்திசாலி” யார் என்று கேட்டபோது, ஐந்து வயதில் சிறுவர்களும் சிறுமிகளும் ஒரே அளவில் தங்கள் பாலினத்தவரைக் காட்டினார்கள். ஆறு, ஏழு வயதில் சிறுமிகள் தங்கள் பாலினத்தவரைக் காட்டுவது குறைந்துவிட்டது. மிகப் புத்திசாலிகளுக்கான விளையாட்டு என்று சொல்லி ஒன்றைக் கொடுத்தபோது அதில் அவர்களுக்கு ஆர்வமும் குறைந்திருந்தது. பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் ஆய்வுக்கூடம் இல்லாமலே அறிந்திருந்தார்கள்: முதலில் எல்லாப் பிள்ளையும் ஒன்று; ஒரு கட்டத்துக்குமேல் பிரித்துவிட வேண்டும்.

கத்தரிக்கோல் பிடித்தவள், மை தொட்டவர்கள்

சுவரில் நின்ற படம் விளக்கொளியில் ஆடத் தொடங்கியது தோல்பாவைக் கூத்தில். ஆட்டுத்தோலில் செய்து வண்ணமிட்ட பாவைகளை வெள்ளைத் திரைக்குப் பின்னால் நிறுத்தி இராமாயணத்தை நாள்கணக்கில் நடத்தினார்கள் தென்மாவட்டங்களில் வாழ்ந்த, மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட கலைஞர்கள். உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்தால் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பாவையை ஆட்டி எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுத்தவர் பெரும்பாலும் ஆண். சீதையின் அழுகையும் அவர் தொண்டையிலிருந்துதான் வந்தது. வீட்டுப் பெண்கள் பின்பாட்டிலும் தாளத்திலும் எடுபிடி வேலையிலும் இருந்தார்கள்.

அதே நிழல் கலை ஐரோப்பாவில் சினிமாவானபோது அதைச் செய்தவர் ஒரு பெண். ஜெர்மனியின் லோட்டே ரைனிகர் கறுப்புத் தாளைக் கத்தரித்து உருவங்கள் செய்து, அவற்றை இம்மி இம்மியாக நகர்த்திப் படமெடுத்தார். 1926இல் வெளிவந்த ‘இளவரசன் அக்மதின் சாகசங்கள்’தான் இன்று நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய முழுநீள அசைவூட்டப் படம். ஆனால் உலகம் கொண்டாடும் முதல், பதினோரு ஆண்டு கழித்து வந்த வால்ட் டிஸ்னியின் ‘ஸ்னோ ஒயிட்’. ஏழு ஆண்களின் வீட்டைக் கூட்டிப் பெருக்கி, பாடிக்கொண்டே சமைத்து, கடைசியில் ஒரு முத்தத்துக்காகக் கண்ணாடிப் பேழைக்குள் காத்துக்கிடக்கும் பெண்ணின் கதை.

அந்தப் படம் தயாரான இடத்தின் கதையும் நமக்கு வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட இளம்பெண்கள் அங்கே வேலை செய்தார்கள். ஆண்கள் வரைந்து கொடுத்த கோடுகளின்மேல் மை இழுப்பதும் வண்ணம் நிரப்புவதும் அவர்கள் வேலை. 1938இல் பயிற்சிக்கு விண்ணப்பித்த ஒரு பெண்ணுக்கு அந்த நிறுவனத்திலிருந்து மறுப்புக் கடிதம் போனது. படைப்பு வேலை முழுவதையும் இளைஞர்களே செய்கிறார்கள், பெண்களுக்கு உள்ளது மையும் வண்ணமும் மட்டுமே என்பது அதன் சாரம். கையெழுத்திட்டவரும் ஒரு பெண்தான். திரையில் அவர்கள் பெயர் வரவில்லை. 1942இல் ‘பாம்பி’ படத்தில் ரெட்டா ஸ்காட் என்ற பெண்ணுக்கு அசைவூட்டக் கலைஞர் என்ற பெயர் கிடைத்தது. மானைத் துரத்தும் வேட்டை நாய்களின் வெறியை வரைந்தவர் அவர். மென்மையானதைத்தான் பெண் வரைவாள் என்று நினைத்தவர்களுக்கு அந்த நாய்கள் பதில்.

எங்கள் ஊரில் பீடி சுற்றும் பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மை தொட்ட பெண்கள் என் நினைவுக்கு வருகிறார்கள். இரண்டிலும் நுணுக்கமான விரல் வேலை. பொறுமை வேண்டும், கண் கெடும், எண்ணிக்கைக்குத்தான் மதிப்பு. இரண்டையும் பெண்களுக்கு ‘இயல்பான’ வேலை என்றார்கள்.

பேசியது யார்?

மொழியியலாளர்கள் கார்மென் ஃபாட்டும் கேரன் ஐசன்ஹவரும் டிஸ்னியின் இளவரசிப் படங்களில் யார் எவ்வளவு பேசுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார்கள். 2016இல் வெளியான அவர்களுடைய கணக்கு எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக இருந்தது. 1950இல் வந்த ‘சிண்ட்ரெல்லா’வில் வசனத்தில் 60 விழுக்காடு பெண்களுடையது. 1959இன் ‘ஸ்லீப்பிங் பியூட்டி’யில் 71 விழுக்காடு. உலகெங்கும் பெண்ணிய அலை எழுந்து ஓய்ந்த பிறகு, 1989இல் வந்த ‘லிட்டில் மெர்மெய்ட்’ படத்தில் ஆண்களின் பேச்சு 68 விழுக்காடு. காலைப் பெறுவதற்காகக் குரலையே விற்ற பெண்ணின் கதை அது என்பதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. 1998இல் ‘முலான்’ வந்தது. ஆணுடை தரித்துப் போருக்குப் போய் நாட்டைக் காத்தவள் கதை. அதில் 77 விழுக்காடு பேசியவர்கள் ஆண்கள். 2013இன் ‘ஃப்ரோசன்’ இரண்டு சகோதரிகளின் கதை. அதிலும் பெண்களின் பங்கு 41 விழுக்காடுதான்.

இதற்குச் சதி தேவையில்லை. கதாநாயகி ஒருத்தி இருப்பாள். அவளைச் சுற்றியுள்ள கடைக்காரன், காவலன், சேவகன், கேலி பேசும் மிருகம் எல்லாம் யோசிக்காமலே ஆணாகிவிடும். இந்த யோசிக்காமைதான் பிள்ளைகளிடம் போய்ச் சேர்கிறது: உலகம் என்றால் ஆண்கள், அதில் நடுவே அழகாக ஒரு பெண். டோலக்பூரையே எண்ணிப் பாருங்கள். பீம், ராஜு, ஜக்கு, காலியா, டோலு, போலு. அவர்களோடு ஒரு சுட்கி. அரண்மனையில் ஓர் இந்துமதி.

இன்னொரு பாடமும் இந்தப் படங்களில் உண்டு. அதைச் சம்மதம் பற்றிய பாடம் என்பேன். தூங்கும் இளவரசியை முத்தமிட்டு எழுப்பும் கதைக்கு நீண்ட வரலாறு உள்ளது. 1636இல் அச்சான பசீலேயின் இத்தாலியக் கதையில், தூங்கிக் கிடப்பவளை அரசன் வன்புணர்வு செய்துவிட்டுப் போகிறான். 1697இல் பெரோவும் 1812இல் கிரிம் சகோதரர்களும் அதைக் குழந்தைகளுக்கு ஏற்றதாகத் துடைத்துக் கொடுத்தார்கள். டிஸ்னி அதற்குப் பாட்டுப் போட்டார். அந்நியக் கதை என்று நாம் ஒதுங்க முடியாது. புகழேந்திப் புலவர் பெயரில் பெரிய எழுத்துப் புத்தகமாக வீடுவீடாகப் போன ‘அல்லி அரசாணி மாலை’யில் அல்லி மதுரையை ஆள்கிறாள், ஆண்களே வேண்டாம் என்று இருக்கிறாள். அர்ச்சுனன் பாம்பாக மாறி அவள் படுக்கைக்குப் போய், தூக்கத்தில் தாலி கட்டுகிறான். கேட்டவர்கள் அவன் சாமர்த்தியத்தை மெச்சினார்கள். ‘அல்லி ராஜ்யம்’ என்பது இன்றுவரை நம் வாயில் ஏச்சாகத்தான் வருகிறது.

தடாதகைக்கு நேர்ந்தது 2013இல் மெரிடாவுக்கும் நேர்ந்தது. ‘பிரேவ்’ படத்தின் மெரிடா கலைந்த செம்பட்டை முடியும் கையில் வில்லுமாக, கல்யாணம் வேண்டாம் என்று நின்றவள். தன் மகளோடு தனக்கிருந்த உறவிலிருந்து அந்தக் கதையை உருவாக்கிய பிரெண்டா சாப்மேனை நடுவழியில் இயக்குநர் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள்; ஆனாலும் படத்தில் அவர் பெயர் நின்றது, ஆஸ்கரும் கிடைத்தது. அதே ஆண்டு மெரிடாவை டிஸ்னியின் இளவரசிகள் வரிசையில் சேர்த்தபோது புதிதாக ஒரு படம் வரைந்தார்கள். இடை சிறுத்திருந்தது, முடி படிந்திருந்தது, வில்லைக் காணவில்லை. சாப்மேன் வெளிப்படையாகக் கண்டித்தார். தாய்மார்களும் சிறுமிகளுமாக இரண்டு லட்சம் பேருக்குமேல் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். தடாதகைக்காக அப்படிக் கையெழுத்துப் போட அன்று யாருமில்லை.

நம் திரையில்

நம் நாட்டில் இந்த வரலாறு வேறு மாதிரியும் போயிருக்கலாம். 1974இல் விஜயா முலே இயக்கிய ‘ஏக் அநேக் ஔர் ஏக்தா’ என்ற சின்னப் படத்தைத் தூர்தர்ஷனில் பார்த்து வளர்ந்தவர்கள் நம்மில் பலர். மொழி புரியாவிட்டாலும் அந்தப் பாட்டு நமக்குத் தெரியும். அதில் ஒன்று, பல என்பதன் பொருளைத் தம்பிமாருக்கு விளக்குகிறவள் அக்கா. அறிவு அவளிடம் இருக்கிறது. அதை ஒரு செய்தியாகச் சொல்லாமல் இயல்பாக விட்டிருந்தார் இயக்குநர்.

1990களில் யுனிசெஃப் தெற்காசியாவுக்காக உருவாக்கிய ‘மீனா’ நேராகவே பேசியது. ராம் மோகனின் கைவண்ணத்தில் உருவான ஒன்பது வயதுக் கிராமத்துச் சிறுமி. தம்பி ராஜு, கிளி மிட்டு. மாம்பழத்தைப் பங்கிடும் கதையில் தம்பிக்குப் பெரிய பங்கு கிடைக்கிறது. இருவரும் ஒரு நாள் வேலையை மாற்றிக்கொள்கிறார்கள். மீனா செய்யும் வேலையின் பாரம் அப்போதுதான் ராஜுவுக்குப் புரிகிறது. 1991 முதல் 2000 வரையிலான ஆண்டுகளைச் சார்க் நாடுகள் பெண் குழந்தைப் பத்தாண்டாக அறிவித்திருந்த காலம் அது. பெண் சிசுக்களைக் கொல்லாமல் தொட்டிலில் போடுங்கள் என்று தமிழ்நாட்டு அரசு 1992இல் திட்டம் கொண்டுவந்த காலமும் அதுதான். ஒரு மாம்பழத் துண்டு வெறும் மாம்பழத் துண்டாக இல்லாத காலம்.

2000க்குப் பிறகு சந்தை வந்தது. 2005இல் ‘ஹனுமான்’ வெற்றிபெற்றதும் பால கணேசர், குட்டிக் கிருஷ்ணன் என்று வரிசையாக வந்தார்கள். புராணத்தில் குழந்தைப் பருவம் பாடப்பட்டதெல்லாம் பெரும்பாலும் ஆண் தெய்வங்களுக்கு. வெண்ணெய் திருடலாம், மலையைத் தூக்கலாம், சூரியனைப் பழமென்று பறிக்கப் போகலாம். சீதையும் திரௌபதியும் கதைக்குள் வருவதே கல்யாண வயதில்தான். குறும்பு செய்யும் ஒரு குட்டிப் பெண் தெய்வத்தைக் கார்ட்டூன்காரர்கள் தேடவுமில்லை. 2008இல் சோட்டா பீம் வந்தான், தமிழிலும் பேசினான். 2020இல் பீம் இந்துமதியைக் கல்யாணம் செய்துகொண்டதாகப் பேச்சுக் கிளம்பி, சுட்கிக்கு நீதி வேண்டும் என்று சமூக ஊடகங்களில் பெரிய கூத்து நடந்தது. அவர்கள் எல்லோரும் குழந்தைகள், அப்படி எதுவும் நடக்கவில்லை என்று நிறுவனமே அறிக்கை விட வேண்டியிருந்தது. சுட்கிக்காகப் பரிந்து பேசியவர்கள் அவளுக்கு ஒரு மாப்பிள்ளையைத்தான் நீதி என்று கேட்டார்கள். அவளுக்கென்று ஒரு சாகசம் வேண்டும் என்று யாரும் கேட்டதாக நினைவில்லை.

ஆனால் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இன்னொருத்தியும் கிடைத்தாள். 2007இல் சுட்டி டிவி தொடங்கியது. அரசின் வண்ணத் தொலைக்காட்சிகள் ஏழை வீடுகளுக்கு வந்துகொண்டிருந்த நேரம். அதில் டோரா வந்தாள். முதுகில் பை, பேசும் வரைபடம், கூடவே புஜ்ஜி என்ற குரங்கு. பாலத்தைக் கடந்து, காட்டைத் தாண்டி, ஆற்றைத் தாண்டிப் போகிறாள். வழி தெரியாவிட்டால் கேட்கிறாள். யாரும் அவளுக்குத் துணைக்கு வரவில்லை, யாரும் அவளை எங்கே போனாய் என்று கேட்கவில்லை. அவளை அமெரிக்காவில் உருவாக்கிய மூவரில் ஒருவர் பெண். அக்கா மகள் பழைய புத்தகப் பையை மாட்டிக்கொண்டு தெருமுனைவரை ‘பயணம்’ போவாள். தெருமுனையில் அவளை யாராவது பிடித்துத் திருப்பி அனுப்புவார்கள்: “பொட்டப் பிள்ள தனியா எங்கட்டி போற?”

மேலகரத்துப் பாட்டில் நடந்தவள்

டோராவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிங்கி நினைவுக்கு வருவாள். தென்காசியை ஒட்டிய மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாடியது திருக்குற்றாலக் குறவஞ்சி. குற்றாலநாதர் உலா வருகிறார். பந்தாடிக்கொண்டிருந்த வசந்தவல்லி அவரைக் கண்டு காதல்கொண்டு ஏங்குகிறாள். அப்போது கூடையும் கோலுமாகக் குறத்தி சிங்கி வருகிறாள், குறி சொல்லுகிறாள்.

பள்ளி ஆண்டு விழாவில் இதை ஆடும்போது வசந்தவல்லி வேடத்துக்குத்தான் எங்களுக்குள் போட்டி. பட்டுப் பாவாடை, பந்து, ஏக்கம். சிங்கி வேடம் கறுத்த பிள்ளைக்கு. எனக்குச் சிங்கி வேடம் கிடைத்து, அன்று அழுதேன். இன்று அந்த நூலைத் திரும்பப் படிக்கும்போது எனக்குக் கிடைத்தது பெரிய வேடம் என்று தெரிகிறது. பந்தாடும்போது அவ்வளவு வேகமாக இருந்த வசந்தவல்லி, காதல் வந்ததும் படுக்கையில் விழுகிறாள், தடாதகைபோல. சிங்கியோ ஊர் ஊராக நடந்தவள். போன நாடுகளை அடுக்குகிறாள், தன் மலையின் குரங்கையும் அருவியையும் மரத்தையும் பெருமையாக வருணிக்கிறாள். ஒரு கதையில் இரண்டு பெண்கள் ஆணைப் பற்றியல்லாமல் வேறு எதையாவது பேசிக்கொள்கிறார்களா என்று பார்க்கச் சொன்னார் அமெரிக்க ஓவியர் ஆலிசன் பெக்டல், 1985இல். வசந்தவல்லி கேட்க, சிங்கி தன் மலையைச் சொல்லும் இடத்தில் நம் குறவஞ்சி அந்தச் சோதனையில் தேறிவிடுகிறது.

ஆனால் அதையும் முழுதாகக் கொண்டாட முடியாது. சிங்கன் அவளைத் தேடி வந்து கண்டதும் கேட்கும் முதல் விசாரணை, சொல்லாமல் எங்கே போனாய் என்பதுதான். உழைத்துப் பெற்ற ஒவ்வொரு நகைக்கும் அவள் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. தெருமுனையில் எங்கள் பிள்ளையிடம் கேட்ட அதே கேள்வி. அதோடு, இந்தச் சிங்கி ஒரு புலவர் எழுதிய குறத்தி. உண்மையில் சாலையில் நடந்த குறவர்களை ஆங்கிலேய அரசு 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரைச் சட்டத்துக்குள் கொண்டுவந்து கைரேகை வாங்கியது. மேடையில் குறத்தி நடந்தால் கலை. தெருவில் நடந்தால் சந்தேகம். எந்தப் பெண் சுதந்திரமாக நடக்கலாம் என்பதைச் சாதியும் சேர்ந்தே முடிவுசெய்திருக்கிறது.

பிள்ளைகள் என்ன எடுத்துக்கொள்கிறார்கள்?

பார்த்ததையெல்லாம் பிள்ளைகள் அப்படியே விழுங்குவதில்லை. அமெரிக்காவில் சாரா காயினும் உடன் ஆய்வாளர்களும் 2016இல் 198 சின்னப் பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். டிஸ்னி இளவரசிகளில் அதிகம் மூழ்கிய பிள்ளைகளிடம் ஓராண்டு கழித்து ‘பெண்மைக்குரியவை’ என்று வகுக்கப்பட்ட நடத்தைகள் கூடியிருந்தன. எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். அதே குழுவினர் 2021இல் வெளியிட்ட தொடர் ஆய்வில், சிறுவயதில் இளவரசிகளோடு வளர்ந்த பிள்ளைகள் பெண்களைப் பற்றி முற்போக்கான எண்ணத்தோடு இருந்தார்கள்; சிறுவர்களும்கூட. ஒரு பெண்ணைக் கதையின் நடுவில் வைத்துப் பார்த்துப் பழகியதே ஏதோ செய்திருக்கிறது. ஆகவே இளவரசியை வீட்டைவிட்டுத் துரத்துவது தீர்வாகாது. பெண்ணே இல்லாத கதையைவிட, சண்டைபோட இடமிருக்கும் கதை மேல்.

என் ஐயம் வேறு இடத்தில். அந்த 2011ஆம் ஆண்டு வீட்டைத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். அண்ணனும் தங்கையும் ஒரே படத்தைத்தான் பார்த்தார்கள். அவன் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு பார்த்தான். அவள் கையில் நூல் இருந்தது. விளம்பரம் வரும்போது பீடிக்கு நூல் கட்டச் சொல்லிக் கொடுத்தவள் அவள் அம்மா. “வேகமா கட்டுதாளே” என்று மெச்சியவள் நான். அவன் கையில் நாங்கள் யாரும் சுளகு வைக்கவில்லை. சுட்கி லட்டு கொடுத்தபோது அவளுக்கு அது கதையாகத் தோன்றியிருக்காது, வீடாகத் தோன்றியிருக்கும். திரை சொல்வதும் திண்ணை சொல்வதும் ஒன்றாக இருக்கும்போதுதான் அது பாடமாகிறது. இரண்டும் முரண்பட்டால் பிள்ளை கேள்வி கேட்கும். “தெரியும், தூக்கக் கூடாதுல்லா” என்ற பதில்தான் காளியின் கதையை எனக்குப் பாடமாக்கியது. ஆச்சி அன்று, “தூக்கியிருக்கலாம்ட்டி, அவளும் தூக்கியிருக்கலாம்” என்று மட்டும் சொல்லியிருந்தால் அதே சுவரும் அதே படமும் எனக்கு வேறொன்றைச் சொல்லியிருக்கும்.

போன சாரலுக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த மகள் இப்போது கல்லூரி முடித்துவிட்டாள். மாப்பிள்ளை பார்க்கலாமா என்று வீட்டில் பேச்சு, கோவையில் வேலைக்குப் போகிறேன் என்று அவள் பேச்சு. பக்கத்து வீட்டுக் குழந்தைகளை அழைத்துக்கொண்டு எல்லோருமாகக் குற்றாலம் போனோம். பேரருவியில் கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள். குளித்துவிட்டுச் சித்திரசபைக்குப் போனோம். நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி, இவர் ஏன் ஆடுகிறார் என்று கேட்டாள். அக்கா மகள் அவளை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு ஐந்து சபைகளின் கதையைச் சொன்னாள். திருவாலங்காட்டுக்கு வந்ததும் நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“காளியும் காலத் தூக்கினா. ரெண்டு பேரும் அப்படியே நின்னுக்கிட்டே இருந்தாங்க. யாருக்குக் கால் வலிச்சுதுன்னு இன்னும் தெரியல.”

அந்தச் சிறுமி நம்பிவிட்டாள். வெளியே வந்ததும் குளத்தங்கரையில் ஒரு காலைத் தூக்கி நின்று பார்த்தாள். விழுந்தாள். திரும்பவும் தூக்கினாள்.